மூடி ஒழுகும் ஹைட்ரோபோனிக் பெட்டி: அறிகுறியைப் பார்த்து சரிசெய்வது எப்படி

மண் இல்லாமல் சத்துக்கரைசலில் செடி வளர்க்கும் என் முதல் பெட்டி ஒழுகியபோது நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரு டியூப் சிலிக்கானை மூடி விளிம்பு முழுக்கப் பிதுக்கி, ஒரு நாள் காயவிட்டு, கரைசலைத் தெளிக்கும் மோட்டாரைப் போட்டேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் மறுபடி தரை ஈரம். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்ததும் மொத்தச் சிலிக்கானும் ரிப்பன் மாதிரி ஒரே இழையாக உரிந்து கையோடு வந்தது. பிளாஸ்டிக்கில் ஒரு பொட்டுகூட ஒட்டியிருக்கவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், 2 என்றிருந்தால் எச்.டி.பி.இ. எனும் அடர்ந்த பாலிதீன். சாமான் போட்டு வைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் மெழுகு பூசியது போன்ற மேற்பரப்பு. சாதாரணப் பசை எதுவும் அதன்மேல் பரவிப் பிடிக்காது. சிலிக்கான், எபாக்சி, இன்ஸ்டன்ட் பசை மூன்றுக்கும் ஒரே கதிதான்.

அதனால் பசையை மறந்துவிட்டு மூடியை ஒரு கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் படும் நீரைத் தேக்கி வைக்க யாரும் முயல்வதில்லை, எந்தப் பக்கம் சொட்ட வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். கீழே வரும் வைத்தியம் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் போடப்பட்டதுதான்.

ஒழுகல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பெட்டிக்கு வெளியே ஈரம் தெரிந்தால் அது ஒழுகலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கரைசல் குளிர்ச்சியாகவும் அறைக்காற்று ஈரப்பதமாகவும் இருந்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி பெட்டியின் வெளிச்சுவர் வியர்க்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த ஈரத்தில் சில சொட்டுகளை ஒரு கருப்புப் பிளாஸ்டிக் துண்டின்மேல் வைத்துக் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் விழுந்தால் அது சத்துக்கரைசல், உப்பு படிந்திருக்கிறது. தடமே இல்லையென்றால் காற்றிலிருந்து வந்த நீர், மூடியின்மேல் பழி போடாதீர்கள்.

உள்ளே மட்டம் இறங்குகிறது, வெளியே ஈரம் எதுவும் இல்லை என்றால் கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஈ.சி. மீட்டரை எடுங்கள். செடி குடித்தும் ஆவியாகியும் நீர் குறையும்போது உப்பு பின்தங்குவதால் ஈ.சி. பெரும்பாலும் ஏறும். ஒழுகிப் போனால் நீரும் உப்பும் சேர்ந்தே போகும், ஈ.சி. ஏறக்குறைய அப்படியே நிற்கும். நன்றாக வளர்ந்த செடி வெயில் நாளில் குடிக்கும் அளவைப் பார்த்துப் பயந்து, நல்ல மூடியைக் கழற்றிப் பிரித்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

ஒழுகல்தான் என்று ஆனபின், மோட்டாரையும் காற்றுப் பம்பையும் நிறுத்திவிட்டு, வெளியே நன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரம் விடுங்கள். நிறுத்தியபின் சொட்டு நின்றுவிட்டால் தெறிப்பும் குமிழியும்தான் காரணம். நிறுத்தியபின்னும் தொடர்ந்தால் நீர் மட்டம், திரி போல உறிஞ்சும் ஏதாவது, சைஃபன் (குழாய் வழியே நீர் தானாக இறங்குவது) ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

இடத்தைக் கண்டுபிடிக்க டிஷ்யூ பேப்பர் போதும். விரல் அகலத்துக்குக் கிழித்து, மூடி உதட்டின் கீழ் எட்டு இடங்களில் செருகி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அதுதான் இடம். பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்தால் இதுவும் தேவையில்லை. வெள்ளை உப்புக்கோடு பெட்டிச் சுவரில் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கும். கோட்டின் கீழ் முனையைப் பார்க்காதீர்கள், மேலே அது தொடங்கும் புள்ளியைப் பிடியுங்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் விளிம்பைச் சுற்றிச் சொட்டுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தில் கீழ்நோக்கி மடிந்த ஒரு பாவாடை இருக்கும். மூடும்போது அந்தப் பாவாடை பெட்டி விளிம்புக்கு வெளிப்பக்கம் இறங்கும். மேலிருந்து தூசியோ மழையோ உள்ளே போகக் கூடாது என்பதற்காகச் செய்த வடிவம் அது. நாம் நீரை உள்ளேயிருந்து மேலே அடிக்கிறோம். மூடியின் அடிப்பரப்பில் ஒட்டும் துளிகள் நேராகக் கீழே விழுவதில்லை. பரப்பு இழுவிசை அவற்றைப் பிடித்துக்கொள்ள, அடிப்பரப்பிலேயே ஊர்ந்து ஓரத்துக்குப் போய், விளிம்பின் தலையைத் தாண்டி, பாவாடையின் உட்புறம் வழியாக இறங்கி, பெட்டிக்கு வெளியே சொட்டுகின்றன. மூடி இறுக்கமாகவே இருக்கும். அதன் வடிவமே நீரை வெளியே கொண்டுபோய் விடுகிறது.

முதல் வேலை, மூடியில் படும் நீரைக் குறைப்பது. மூடியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தெளிவான பாலிதீன் விரிப்பு ஒன்றைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். எந்தத் தெளிப்பான் சுவர் விளிம்பைக் குறிவைத்து அடிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். சுற்றிலும் அடிக்கும் 360 டிகிரித் தெளிப்பான் ஓரத்தில் இருந்தால் அதை மாற்றி 180 டிகிரித் தெளிப்பானை உள்ளே பார்த்துத் திருப்பி வையுங்கள். தெளிப்பான் நிற்கும் குழாயைச் சில சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்தாலும் பலன் தெரியும். மோட்டார் தேவைக்கு மேல் பலமானதாக இருந்தால், குழாயில் ஒரு T இணைப்பும் பால் வால்வும் (ball valve) போட்டு, மிச்ச நீரைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி விடுங்கள்.

வேர் எப்போதும் கரைசலில் முங்கியிருக்கும் டீப் வாட்டர் கல்ச்சர் பெட்டிகளில் தெளிப்பான் இல்லை, குமிழிதான் எதிரி. குமிழி விடும் ஏர் ஸ்டோன் சுவரை ஒட்டி இருந்தால், உடையும் ஒவ்வொரு குமிழியும் விளிம்பில் ஒரு சிறு துளியை எறியும். அதை நடுவுக்கு நகர்த்துங்கள். வேர் கீழே நன்றாக இறங்கிவிட்டதென்றால் நீர் மட்டத்தையும் நான்கைந்து சென்டிமீட்டர் இறக்கலாம். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சொட்டுப்பட்டை வேண்டும். ஜன்னல் சன்ஷேடின் அடியில், ஓரத்திலிருந்து சற்று உள்ளே, மேஸ்திரி ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் மழைநீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்குப் போகாது. மூடி மெல்லியது, பள்ளம் வெட்ட முடியாது. அதனால் மேடு வைக்கிறோம். மூடியின் அடியில், விளிம்பு உட்காரும் இடத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி, நான்கு பக்கமும் 1 முதல் 1.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை. ஊர்ந்து வரும் நீர் பட்டையில் மோதி, அதன் கீழ் முனையிலிருந்து பெட்டிக்குள்ளேயே விழும்.

பட்டைக்கு வயரிங் கேசிங் துண்டு நன்றாக இருக்கும், பழைய மூடியிலிருந்து வெட்டிய கீற்றும் போதும். ஒட்ட முயல வேண்டாம், முன்பே சொன்ன காரணம்தான். இரண்டிரண்டு சிறு துளைகள் போட்டுக் கேபிள் டை கட்டலாம், அல்லது மேலிருந்து சின்ன எவர்சில்வர் திருகு போடலாம். துத்தநாகப் பூச்சுத் திருகும் பித்தளையும் வேண்டாம். கரைசல் 5.5 முதல் 6.5 பி.ஹெச். வரை லேசான அமிலத்தன்மையில்தான் இருக்கும், அது துத்தநாகத்தையும் செம்பையும் மெல்லக் கரைத்துச் செடிக்கு ஊட்டிவிடும். திருகுத் துளை ஒழுகுமோ என்ற கவலை வேண்டாம். துளை விளிம்புக்கு உள்ளே இருப்பதால் அதில் எது கசிந்தாலும் பெட்டிக்குள்தான் விழும்.

மூலைகளில் பட்டைகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விடாதீர்கள். நான் முதலில் செய்த பட்டையில் ஒரு மூலையில் ஒரு சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தது. நான்கு பக்கத்து நீரும் அந்த ஒரு சந்தைத் தேடிப் பிடித்து வெளியே வந்தது.

சொட்டுப்பட்டை போட்டும் ஈரம் நிற்கவில்லை

இப்போதுதான் கேஸ்கெட், அதாவது மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே வைக்கும் அடைப்பு வளையம் பற்றி யோசிக்க வேண்டும். கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பைப் பலரும் வாங்கி வருவார்கள். அதில் இரண்டு சாதி உண்டு. துண்டு ஒன்றை வெட்டி, தண்ணீருக்குள் முக்கிக் கசக்கி, வெளியே எடுத்துப் பிழியுங்கள். நீர் வழிந்தால் அது பஞ்சு. விளிம்பில் வைத்தால் அடைக்காது, திரி மாதிரி உறிஞ்சி வெளியே கொண்டுவந்து சொட்ட வைக்கும். முன்பைவிட மோசமாகும். பிழிந்தும் நீர் வராவிட்டால் அது மூடிய அறைகள் கொண்ட ரப்பர் ஃபோம், ஈ.பி.டி.எம். போன்றது. அதுதான் வேண்டும்.

டேப்பின் பசையும் இந்தப் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது என்பதால், மூடியின் அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் அதை உட்கார வைப்பதே நல்லது. பள்ளம் இல்லாத மூடியென்றால் 120 எண் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒட்டுங்கள். மூலையில் டேப்பை இழுத்து வளைக்காதீர்கள். இழுத்தால் மெலிந்துபோகும், முதலில் ஒழுகுவதும் அங்கேதான். இரண்டு முனைகளும் சேரும் இடம் நேர்ப்பகுதியில் வரட்டும். மூடியபின் 6 மி.மீ. தடிப்பு 4 மி.மீ. ஆக அமுங்கினால் போதும். அதற்கு மேல் நசுக்கினால் சில வாரங்களில் ஃபோம் திரும்ப எழும்பாமல் செத்துவிடும்.

சிலிக்கானை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன். அது ஒட்டாது என்ற குணமே இங்கே உதவி. பூஞ்சைக்கொல்லி சேர்க்காத, மீன்தொட்டிக்கு விற்கும் வகையை எடுத்து மூடிப் பள்ளத்தில் சீராகப் பிதுக்குங்கள். பெட்டி விளிம்பில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மூடியை மெதுவாக வையுங்கள். முழுதாக அழுத்த வேண்டாம். நான்கு மூலையிலும் 2 மி.மீ. அட்டைத் துண்டு வைத்துவிட்டால் சிலிக்கான் மொத்தமும் பிதுங்கி வெளியேறாது. அது காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கிக் காய்வது, மூடிக்குள் அடைபட்டிருந்தால் மெதுவாகத்தான் காயும். இரண்டு மூன்று நாள் விட்டு, வினிகர் வாடை முழுக்கப் போனபின் திறந்து அட்டைகளை எடுத்துவிடுங்கள். உங்கள் பெட்டியின் விளிம்புக்கே அச்செடுத்த மாதிரி ஒரு ரப்பர் வளையம் கிடைக்கும். கழற்றிக் கழுவி மறுபடி வைக்கலாம்.

நீளப் பக்கத்தின் நடுவில் மட்டும் ஒழுகுகிறது

மூடியில் குறை இல்லை, சுவர் பிதுங்கியிருக்கிறது. 60 செ.மீ. நீளமுள்ள சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. உயரம் தண்ணீர் நின்றால் அது அந்தச் சுவரைத் தள்ளும் விசை சுமார் 27 கிலோ எடைக்குச் சமம். மெல்லிய பெட்டி வயிறு தள்ளாமல் என்ன செய்யும்? போதாததற்குப் பூட்டும் கிளிப்புகள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் மட்டும்தான், நடுப்பகுதி சும்மா கிடக்கிறது.

பெட்டியின் மேல்பகுதியைச் சுற்றி ராட்செட் பெல்ட் ஒன்றைக் கட்டி, சுவர் நேராகும்வரை மட்டும் இறுக்குங்கள். பிறகு நீளப் பக்கத்தில் இரண்டு மூன்று பெரிய பைண்டர் கிளிப் போட்டு மூடியையும் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கலாம். பார்க்க அழகாக இருக்காது. நிரந்தரமாக வேண்டுமென்றால் மரச்சட்டம் அடித்து அதற்குள் பெட்டியை இறக்குங்கள். நீர் மட்டத்தைப் பாதியாக்க முடிந்தால் தள்ளும் விசை கால் பங்காகும், அதைவிடச் சுலபமான வைத்தியம் இல்லை.

மூடி நடுவில் தொய்ந்து, மேலே நீர் தேங்குகிறது

செடி, அதைத் தாங்கும் ஈரமான களிமண் உருண்டைகள், பழுத்துத் தொங்கும் காய் எல்லாம் சேர்ந்து மூடியைக் கீழே இழுக்கும். பிளாஸ்டிக் தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடும், பாரத்தை எடுத்தாலும் முழுக்கத் திரும்பாது. நடு தாழும்போது ஓரம் மேலே எழும்பி இடைவெளி விடும். மூடியின் அடியில் குறுக்காக இரண்டு பி.வி.சி. குழாயைக் கட்டுங்கள், குழாயின் முனைகள் பெட்டிச் சுவரின் உட்படியில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. உயரமான செடிகளை மூடியில் நிறுத்தாமல் மேலே கம்பியில் கயிறு கட்டித் தாங்குங்கள்.

மழை படும் இடத்தில் வேறு சங்கடம். மூடிக்குச் சுற்றிலும் மேடான ஓரம் இருப்பதால் தட்டு மாதிரி மழைநீர் நிற்கும், செடித் துளைகள் வழியாக உள்ளே இறங்கும், கரைசல் நீர்த்துப் போகும், மட்டம் ஏறி மூடி வழியே வழியும். வழக்கமான நீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு டேங்க் நிப்பிளும் எல்போவும் வைத்து, வழியும் நீர் நீங்கள் சொல்லும் இடத்தில் போகும்படி செய்துவிடுங்கள். இது பெரிய மழையில் மூடியைக் காப்பாற்றும். நீர்த்துப் போவதை நிறுத்தாது, அதற்கு மேலே கூரைதான் வேண்டும்.

பெட்டி நிற்கும் தரையில் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரே மூலையில் மட்டும் ஒழுகும் பெட்டிகளில் தரைச் சரிவே குற்றவாளியாக இருப்பதுண்டு.

நெட் பாட்டைச் சுற்றி ஈரம், பச்சைப் பாசி

நெட் பாட் என்பது செடி உட்காரும் ஓட்டைக் கிண்ணம். அதற்கு மூடியில் போட்ட துளை பெரிதாக இருக்கிறது அல்லது துளையில் பிசிறு இருக்கிறது. வட்டத் துளை வெட்டும் ஹோல் சா போட்டபின் ஓரத்தைக் கத்தியால் வழித்து உப்புத்தாள் போடாவிட்டால், நெட் பாட்டின் உதடு பிசிறின் மேல் ஏறி நிற்கும், தெறிப்பு அந்த வழியே வெளியே வரும், வெளிச்சம் அதே வழியே உள்ளே போகும். பாசிக்கு இரண்டும் சேர்ந்தால் கொண்டாட்டம். துளை பெரிதாகிவிட்டால் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டி உதட்டின் கீழ் போடுங்கள். களிமண் உருண்டைகளின் மேல்பரப்பு எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நீர் மட்டம் அதிகம், இறக்குங்கள்.

மோட்டாரை நிறுத்தியும் ஒரே இடத்தில் சொட்டுகிறது

வயரையோ காற்றுக்குழாயையோ பாருங்கள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே நசுக்கி வெளியே எடுத்திருந்தால், அந்த இடத்தில் மூடி தூக்கி நிற்கும், நீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து வரும். மூடியிலேயே துளை போட்டு துளையில் உட்காரும் ரப்பர் கிரோமெட் வளையம் வைத்து மேலே எடுங்கள். வெளியே வந்த வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு முறை கீழே தொங்கி வளைய வேண்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. பிளக் பாயின்ட் பெட்டியைவிட உயரத்தில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

காற்றுப் பம்ப் நீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரன்ட் போனதும் கரைசல் குழாய் வழியே திரும்பி இறங்கிப் பம்பையும் நனைத்துத் தரையையும் நனைக்கும். பம்பை மேலே தூக்குங்கள், முடியாவிட்டால் குழாயில் ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். திரும்பி வரும் குழாயின் முனை நீருக்குள் முங்கியிருந்தாலும் இதே சைஃபன் வேலை செய்யும். நீர் மட்டத்துக்கு மேல் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் அடைத்தபின் புதிய இடத்தில் நுரை பொங்குகிறது

அளவுக்கு மீறி அடைத்துவிட்டீர்கள். உள்ளே போகும் காற்று எங்காவது வெளியேறியாக வேண்டும். 60க்கு 40 செ.மீ. மூடியை, 10 செ.மீ. நீர் அழுத்தம் அளவுக்குக் காற்று தேங்கினாலே, சுமார் 24 கிலோ விசை மேலே தூக்கும். மூடியின் மேட்டுப் பகுதியில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, வெளிச்சம் புகாமல் ஒவ்வொன்றிலும் கருப்பு எல்போ ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள்.

மூடியில் விரிசல்

விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. பிறகு அதே ரகப் பிளாஸ்டிக் கீற்றை வைத்து சால்டரிங் அயர்னால் உருக்கிச் சேர்க்கலாம். 5க்கு 5, 2க்கு 2, மாற்றினால் சேராது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி மாவு வருகிறதென்றால் அந்த மூடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு விரிசலை அடைக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விடும்.

பல வாரம் ஒழுங்காக இருந்தது, இன்று திடீரென்று

எதையும் மாற்றாமலே ஒழுகத் தொடங்கினால் வேரைச் சந்தேகியுங்கள். வடிகால் வாயில் வேர் பந்தாகச் சுருண்டு அடைத்து மட்டத்தை ஏற்றியிருக்கும். அங்கே இல்லையென்றால் மூடியை மெல்லத் தூக்கி விளிம்பைப் பாருங்கள். ஒருமுறை நான் தூக்கியபோது, நூல் கனத்தில் நான்கைந்து வெள்ளை வேர்கள் சுவரேறி வந்து, கேஸ்கெட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே தட்டையாக நசுங்கி, நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி. விளக்குத் திரி எண்ணெய் இழுக்கும் அதே வேலைதான். அந்த நான்கைந்து இழைகளை உள்பக்கமாகவே கத்தரித்து, விளிம்பைத் துடைத்து, அங்கே தொடர்ந்து ஈரம் ஏறாதபடி பக்கத்துத் தெளிப்பானைத் திருப்பி வைத்தேன். அத்தனை வேர் போனது செடிக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.